உயில் நிறைவேற்றுநர் பொறுப்பு: அக்கா மகனுக்கான பணத்தைத் தம்பிக்குக் கடனாகக் கொடுக்கலாமா?

கேள்வி

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்த என் தந்தையார் நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். அங்கேயே எழுதிப் பதிவு செய்த உயிலில் என்னை நிறைவேற்றுநராக நியமித்திருக்கிறார். வீடும் நிலமும் எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. வங்கி வைப்புத்தொகையில் பத்து லட்சம் ரூபாயை, கணவரை இழந்த அக்காவின் மகனுக்கு 21 வயது நிறையும்வரை நான் அறங்காவலராக இருந்து காத்துவர வேண்டும். பையனுக்கு இப்போது 12 வயது. வங்கியைவிடக் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லி, கடையை விரிவாக்க அந்தப் பணத்தைத் தம்பி கேட்கிறான். நாமினி நான் என்பதால் முடிவும் என்னுடையதே என்கிறார்கள் உறவினர்கள். புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்குவது கட்டாயமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர உரிமையாளர் அல்லர். காப்பீட்டுத் தொகை பற்றி 1984-இலும் வங்கி வைப்பு பற்றி 2010-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே உயில் சொல்வதே செல்லும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைக் குறித்த இந்துக்களின் உயில்களுக்குத்தான் புரொபேட் கட்டாயமாக இருந்தது. அதை விதித்த 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவும் 2025 இறுதியில் நீக்கப்பட்டுவிட்டது. உங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்திருப்பதாலேயே உயில் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. சச்சரவு எழுந்தால், கையொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரையேனும் விசாரிக்க வேண்டிவரும் என்பதால் அவ்விருவரின் முகவரிகளை இப்போதே குறித்துவையுங்கள்.

மறுமொழி 2

கடன் கொடுக்காதீர்கள், ஐயா. தம்பி நாணயமானவராகவே இருக்கலாம். ஆனால் கடைக்கு நட்டம் வந்தால் அதைத் தாங்க வேண்டியவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின்படி, அறங்காவலர் அந்தப் பணத்தை உயிலோ சட்டமோ அனுமதிக்கும் வகையில் மட்டுமே முதலீடு செய்யலாம். அதை மீறி இழப்பு நேர்ந்தால் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். வேறொரு முதலீட்டில் ஈட்டிய இலாபத்தைக் காட்டி அந்த இழப்பைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வட்டியைப் பையனின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் செலவிடலாம். அது போதாமல் முதலைத் தொட வேண்டிய நிலை வந்தால், 41-ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பையனின் மேற்படிப்புக்கே நீதிமன்றத்தைக் கேட்க வேண்டிய பணத்தை மாமாவின் கடைக்கு எப்படிக் கொடுப்பது? ஒருமுறை ஏற்றுக்கொண்ட பின் இப்பொறுப்பை நினைத்தபோது உதறவும் இயலாது. ஆகவே தயக்கம் இருந்தால் ஏற்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மறுமொழி 3

மேலே உள்ளவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாகம் பிரிக்கும் முன் கடன்கள் தீர வேண்டும். ஈமச் செலவும், இறப்புக்கு முந்தைய ஒரு மாத மருத்துவச் செலவும் முதலில் வரும். நிலத்தில் வேலை செய்தவர்களுக்குக் கடைசி மூன்று மாதக் கூலி பாக்கி இருந்தால், அதற்கும் மற்றக் கடன்களுக்கு முன்னுரிமை உண்டு; பல குடும்பங்களில் இதை மறந்தே போகிறார்கள். இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை பங்கைக் கொடுத்தே தீர வேண்டும் என்று நிறைவேற்றுநரை நிர்ப்பந்திக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால், அவசரப்படுத்துவோரிடம் அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் பெரியப்பா தாத்தாவின் பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் சேர்த்துவைத்தார். ஒரு ரூபாய்கூட அவர் எடுக்கவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் எது யாருடைய பணம் என்று பிரித்துக் காட்ட முடியாமல், உடன்பிறந்தோர் ஒன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். தனிக் கணக்கு தொடங்குங்கள், ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள், அக்கா கேட்கும் முன்பே வரவு செலவைக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. களத்து வேலை பார்த்த பெரியவருக்கு இரண்டு மாதக் கூலி நிற்பது இதைப் படித்த பிறகே நினைவுக்கு வந்தது. நாளை அதைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் தம்பியையும் ஒன்றாக உட்காரவைத்து, உயிலை முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு, கடன் தர இயலாது என்று தம்பியிடம் நேரிலேயே சொல்லப்போகிறேன்.