மதுரையில் பெரியவருக்கும் பிள்ளைக்கும் சிலம்பம்: நல்ல ஆசான் யார்?

வணக்கம். அண்ணாநகர், கே.கே.நகர் பக்கம் 40 வயதுக்காரருக்கும் 8 வயதுப் பிள்ளைக்கும் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆசானிடம் நான் முதலில் பார்ப்பது காலடி, அதாவது கால் வைக்கும் முறை. கால் பழகாமல் கம்பு வீச்சுக்குப் போனால் உடம்பு திரும்பாது. மணிக்கட்டு மட்டும் சுழன்று வலியெடுக்கும். பெரியவர்களுக்கு மூட்டையும் தோளையும் பதப்படுத்தும் பயிற்சி முன்னால் வேண்டும். கம்பு அவரவர் நெற்றி உயரம். பிள்ளைக்கு நீளக் கம்பு கொடுத்தால் நுனி தரையில் இடித்துக் கைநழுவும். மண் தரையே நல்லது, ஆளுக்குப் பத்தடி இடைவெளியோடு. சில மாதங்களிலேயே தீப்பந்தம், சுருள்வாள் (வளையும் மெல்லிய தகட்டு வாள்) கொடுக்கும் இடம் கட்டாயம் வேண்டாம்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர், பெரியவர்களுக்குத் தனி வரிசை உண்டா, மாதக் கட்டணம் எவ்வளவு? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.