மதிய மீல்ஸில் தினமும் மிஞ்சுகிறது: எங்கே கை வைப்பது?

அடுக்களை டர்பன்:
வணக்கம். டர்பனில் சைவ உணவகம். மதியம் அளவில்லாச் சாப்பாடு, மாலையில் டிஃபன். வார நாளில் 90 முதல் 130 பேர் வரை ஏறி இறங்கும். புரட்டாசியில் வரிசை கட்டி நிற்பார்கள். மாதம் முடிந்த மறுநாளே கூட்டம் படுத்துவிடும், ஆனால் சமைக்கிற அளவு மட்டும் உடனே இறங்குவதில்லை. 240 லிட்டர் குப்பைத்தொட்டி ஒரே நாளில் நிரம்புகிறது. சாதம், சாம்பார், தோசை மாவு மூன்றும்தான் அதிகம். மிஞ்சிய சாதத்தை மறுநாள் எடுக்கலாமா? முதலாளி கம்போஸ்ட் இயந்திரம் வாங்கலாம் என்கிறார், அது தேவையா?

சரக்கறைச் சாவி:
இயந்திரம் கிடக்கட்டும், முதலில் தராசு வாங்குங்கள். 20 லிட்டர் வாளி நான்கு வையுங்கள்: சரக்கறையில் கெட்டதற்கு ஒன்று, நறுக்கும்போது கழிந்ததற்கு ஒன்று, சமைத்துப் பரிமாறாமல் மிஞ்சியதற்கு ஒன்று, தட்டில் திரும்பி வந்ததற்கு ஒன்று. வெறும் வாளியின் எடையை மார்க்கரால் வெளியே எழுதிவிடுங்கள். அடுக்களைக்குள் வேறு குப்பைக்கூடை இருக்கவே கூடாது. இருந்தால் நெரிசல் நேரத்தில் எல்லாம் அதற்குள்தான் போகும், கணக்கு பொய்யாகும். தட்டுக் கழிவை வடித்துவிட்டு நிறுங்கள், ரசமும் மோரும் சேர்ந்தால் எடை ஏமாற்றும். இரண்டு வாரம் நிறுத்தால் போதும், ஆனால் 25ஆம் தேதிச் சம்பள வாரம் அதில் அடங்க வேண்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்றாவது வாளிதான் நிறையும். சமையல்காரர் மேல் பழி போடாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே ஈட்டில் வடிப்பதால் வருவது அது. 130 பேரை நினைத்து 11 மணிக்கே இறக்கிவிட்டு 90 பேர் வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம்தானே? குறைந்தபட்சக் கூட்டத்தின் முக்கால்வாசிக்கு முதல் ஈடு போடுங்கள். அடுத்த ஈட்டுக்கு அரிசியைக் களைந்து ஊறப்போட்டு வையுங்கள், 12.30க்கு டோக்கனை எண்ணிவிட்டு அடுப்பில் ஏற்றலாம். ஊறிய பச்சரிசிக்கு 15–20 நிமிடம் போதும்; புழுங்கல் என்றால் இன்னும் முன்னதாக முடிவெடுக்க வேண்டும். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சாதம் ஆகும். உங்கள் அரிசிக்கு எவ்வளவு என்று ஒருமுறை நிறுத்துச் சுவரில் ஒட்டுங்கள். "இன்னொரு படி போடு" என்கிற கண்மதிப்புதான் காசைத் தின்கிறது.

முள் வெப்பமானி:
சாதம் பற்றி. மேசைக்கோ பரிமாறும் வாளிக்கோ போனது திரும்பி வரக் கூடாது, அதில் பேச்சே இல்லை. அடுக்களையை விட்டு வெளியே போகாததை மட்டும் யோசிக்கலாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் (தென்னாப்பிரிக்காவின் 2018 உணவுச் சுகாதார விதி ஆர்638ம் இதைத்தான் கேட்கிறது), இல்லையென்றால் சட்டென்று குளிர வேண்டும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேற்படாமல் ட்ரேயில் பரப்புங்கள். 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரி, அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரி. வெப்பமானியை நடுவில் குத்துங்கள், ஓரம் பொய் சொல்லும். இப்படி ஆறிய சாதம் மறுநாள் புளியோதரைக்கு உதிரி உதிரியாக நிற்கும்.

சாம்பார் குண்டானைச் சூடாக அப்படியே கூல்ரூமில் தள்ளுவது பல இடங்களில் நடக்கிறது. 20 லிட்டர் குண்டான் நள்ளிரவிலும் வயிற்றில் சூடாகவே இருக்கும், பக்கத்திலிருக்கும் பாலையும் கெடுக்கும். வெந்த பருப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, புளியும் காயும் தாளிப்பும் ஈட்டுக்கு ஈடு சேருங்கள். வெறும் பருப்பு மிஞ்சினால் முறையாக ஆற்றிவைத்து மறுநாள் கூட்டுக்கு எடுக்கலாம். முருங்கைக்காய் குழைந்த சாம்பாரை வைத்து என்ன செய்வது?

கல்லும் மாவும்:
தோசை மாவு பற்றி. டர்பனில் ஜனவரி கோடைக்காலம், ஊர்க்கணக்கு செல்லாது. உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள், கிரைண்டர் சூடே புளிப்பைத் தொடக்கிவிடும். உப்பை அரைத்த உடனே போட்டால் கொஞ்சம் தாமதிக்கும். பெரிய டிரம் வேண்டாம், 5 லிட்டர் டப்பாக்களில் பிரியுங்கள். ஒன்றரை மடங்கு பொங்கியதுமே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். இரட்டிப்பாகட்டும் என்று காத்திருந்தால் நடுப்பகுதி குளிர்வதற்குள் அது பாட்டுக்குப் புளித்துக்கொண்டே போகும். புளித்ததை மூன்று பங்கு புது மாவுக்கு ஒரு பங்கு கலந்து ஊத்தப்பம், பணியாரம் போடலாம். அதற்கு மேல் கலந்தால் வாடிக்கையாளர் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

கேட்காத ஒன்று: கொத்தமல்லியைக் கழுவி ஈரத்தோடு அடுக்காதீர்கள். தக்காளி, வாழைப்பழத்துக்கு அருகிலும் வேண்டாம், அவை விடும் எத்திலீன் வாயுவில் இலை மஞ்சளாகிவிடும்.

அடுக்களை டர்பன்:
எல்லாருக்கும் நன்றி. வாளி யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் 2 மணிக்குப் பொரியல் தீர்ந்துபோனால் முதலாளிக்கு மானம் போகிறது!

சரக்கறைச் சாவி:
1.30க்கு மேல் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், பாதி நிறைந்த சின்னப் பாத்திரம் யார் கண்ணையும் உறுத்தாது. பலகையில் "பீன்ஸ் பொரியல்" என்று எழுதாமல் "இன்றைய பொரியல்" என்று எழுதுங்கள். நறுக்கிய முட்டைக்கோஸ் ஃபிரிட்ஜில் இருந்தால் பத்து நிமிடத்தில் வேறொன்று இறங்கிவிடும்.

மண்புழு மாமா:
24 மணி நேரத்தில் உரம் என்று விற்கும் இயந்திரங்களில் பல, சூட்டில் ஈரத்தை விரட்டுபவை. வெளியே வருவது உலர்ந்த கழிவு, மக்கிய உரமல்ல. நனைந்தால் மறுபடி நாறும். வாளி எடை குறைந்த பிறகு அளவு பார்த்து வாங்குங்கள், இன்றைய எடைக்கு வாங்கினால் பாதி காலியாகத்தான் ஓடும். டர்பன் இருக்கும் மாகாணம் இல்லைதான், ஆனாலும் மேற்கு கேப் மாகாணம் 2027க்குள் மக்கும் கழிவு எதுவும் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறது, அதனால் முதலாளி கேட்பதில் தப்பில்லை. அவசரம்தான் வேண்டாம்.

சிறு அளவுக்கு போகாஷி வாளி (கழிவை மூடிப் புளிக்கவைக்கும் வாளி) போதும், சமைத்த உணவும் அதில் போகும். கழிவை அழுத்தி, போகாஷித் தவிடு (நுண்ணுயிர் கலந்த தவிடு) தூவி, காற்றுப் புகாமல் மூடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வாளியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும், மறந்தால் அழுகிவிடும். நிரம்பியதும் இரண்டு வாரம் மூடிவைத்து மண்ணில் புதைக்கலாம்.

பன்றிப் பண்ணைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கடை சைவமாக இருக்கலாம், ஊழியர் டப்பாவில் மிஞ்சிய போலனி (ஒருவகை இறைச்சி சாசேஜ்) அப்படியா? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டில் இருக்கிறது, பதப்படுத்திய பன்றி இறைச்சியிலும் அந்த வைரஸ் தங்கும். ஊழியர் சாப்பிடும் இடத்துக்கு மூடி போட்ட தனி வாளி வையுங்கள், அது மட்டும் எந்தப் பண்ணைக்கும் போகக் கூடாது.