டயலில் ஓமான் சின்னம் உள்ள பழைய ரோலக்ஸ்: மறுபூச்சுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (தஞ்சை வாசகி)

என் மாமனார் 1973 முதல் 1988 வரை மஸ்கட்டில் கணக்கராகப் பணியாற்றினார். அங்கே 1976இல் மேலதிகாரி ஒருவர் அவருக்கு அன்பளிப்பாகத் தந்த எஃகு ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் இப்போது எங்களிடம் இருக்கிறது. டயலின் கீழ்ப்பாதியில் குறுக்கிட்ட இரு வாள்களும் நடுவே உறையிலிட்ட குத்துவாளும் சிவப்பில் அச்சாகியுள்ளன. டயல் ஓரங்களில் மஞ்சள் பூத்துவிட்டதால், மறுபூச்சுப் பூசினால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார் இங்குள்ள கடிகாரக் கடைக்காரர்; பார்வைக்காக அவரிடம் விட்டு வந்திருக்கிறேன். கொடுக்கலாமா? இச்சின்னம் தொழிற்சாலையிலேயே இடப்பட்டதா, பிறகு யாரேனும் அச்சிட்டதா என்பதை எப்படி அறிவது?

பதில் 1 (நெடுநாள் சேகரிப்பாளர்)

அம்மா, முதலில் அந்தக் கடைக்காரரிடமிருந்து கடிகாரத்தை வாங்கி வந்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் குறிப்பிடுவது கஞ்சர் எனப்படும் ஓமானின் தேசியச் சின்னம். 1970இல் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ், லண்டனின் ஆஸ்ப்ரே நிறுவனம் வழியாக இச்சின்னம் பொறித்த ரோலக்ஸ் கடிகாரங்களைத் தருவித்துப் படைத்தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் விருந்தினர்களுக்கும் பரிசளித்தார். தென் ஓமானில் கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக நடந்த தோஃபார் போரில் அவருக்குத் துணைநின்ற பிரித்தானியச் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். படையினர் சிலரும் கஞ்சர் சின்னமுள்ள சீ-டுவெல்லர் என்ற ரோலக்ஸ் முக்குளிப்புக் கடிகாரம் பெற்றிருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் பாதுகாப்பு அமைச்சகம் தன் சின்னமான குறைஷிப் பருந்தை டயலில் இடச்செய்ததும் ஏறத்தாழ அதே காலத்து வழக்கம்தான். இத்தகைய கடிகாரங்களில் உள்ளிருக்கும் இயந்திரம் சாதாரண டேட்ஜஸ்டில் இருப்பதேதான். சேகரிப்பவர்கள் கூடுதலாகத் தரும் விலை முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டர் சிவப்பு மைக்கே. மறுபூச்சுக்காகப் பழைய மையைச் சுரண்டியெடுத்த கணத்திலேயே அது போய்விடும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற கடிகாரப் பழுதுநீக்குநர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சின்னம் இருப்பதாலேயே அசல் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, அதை மெத்தென்ற அச்சுப்பட்டையால் எடுத்து டயலில் ஒற்றுவதே அன்றைய முறை. ஒழுங்காக ஒற்றிய மை உருப்பெருக்கியில் சற்றே மேடாக, கூரிய விளிம்புடன் தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு. வாளின் நுனியையும் கச்சையின் சிறு கோடுகளையும் பாருங்கள். போலி அங்கேதான் தடுமாறும். மஞ்சள் பூத்தது டயலின் வார்னிஷ். அந்த மூப்பு சின்னத்தைச் சுற்றிலும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சின்னத்தைச் சுற்றி மட்டும் டயல் வெளுத்திருந்தால் எதையோ அழித்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆறு மணிக்குக் கீழே, டயலின் அடிவிளிம்பில் உள்ள எழுத்தையும் படியுங்கள். ஒளிப்புள்ளிகள் உள்ள 1970களின் டயலில் 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும், இருட்டில் ஒளிரச் செய்யும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியத்தைக் குறிக்கும் 'டி' இருப்பது இயல்பு. 'ஸ்விஸ் மேட்' என்று மட்டும் இருந்தால், 1990களின் இறுதிக்குப் பின் வந்த மாற்று டயலாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. டிரிட்டியத்தின் அரையாயுள் 12.3 ஆண்டுகள், 1976இன் பூச்சில் இன்று ஏறக்குறைய 6 விழுக்காடே எஞ்சியிருக்கும். ஆகவே இருட்டில் ஒளிப்புள்ளிகள் பிரகாசித்தால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். இவையெல்லாம் கண்ணாடி வழியாகவே தெரியும். பின்மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

பதில் 3 (ஏலங்களைக் கவனிப்பவர்)

உருப்பெருக்கி பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைக் காகிதம் செய்ய வேண்டும். சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் பிலிப் தன் பதிவேட்டிலிருந்து தயாரித்த காலம், விற்ற தேதி ஆகியவற்றை எழுதித் தரும். ரோலக்ஸ் அப்படித் தருவதில்லை. 2021 டிசம்பரில் டிஃபனி நீல டயல் கொண்ட பட்டேக்கின் நாட்டிலஸ் கடிகாரம் ஃபிலிப்ஸ் நிறுவன ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனதைப் பார்த்துவிட்டுக் கனவு காண வேண்டாம்: அது 170 மட்டுமே செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்தது, புத்தம் புதியது, ஐயத்துக்கே இடமில்லாதது. உங்களுடையதற்கு மாமனாரின் பணி ஆணை, அன்பளிப்புக் கடிதம், பெட்டி, கையில் அணிந்திருக்கும் பழைய புகைப்படம் ஆகியவையே சான்று. பட்டையைக் கழற்றினால் உடலின் ஆறு மணிப் பக்கத்தில் வரிசை எண் தெரியும். அந்த எண் 1976க்குப் பிந்தைய காலத்தைக் காட்டினால் அன்பளிப்புக் கதையே தவறு.

தஞ்சை வாசகி

மிக்க நன்றி. கடிகாரம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. கடைக்காரர் டயலைத் தொடவில்லை. அடிவிளிம்பில் இருபுறமும் 'டி' உண்டு. இருட்டில் எந்த ஒளியும் இல்லை. பெட்டியைக் காணவில்லை. 1977இல் என் நாத்தனார் திருமணத்தில் எடுத்த படத்தில் மாமனாரின் கையில் கடிகாரம் தெரிகிறது. ஆனால் சட்டைக் கை டயலின் பாதியை மறைத்துவிட்டது.

பதில் 3

அந்தப் படத்தின் நெகட்டிவ் கிடைக்குமா என்று பாருங்கள். அதே திருமணத்தில் வேறு படங்களும் எடுத்திருப்பார்கள் அல்லவா?