ஆம்பிசிலின், வான்கோமைசின் ரெண்டும் போட்டும் மீத்தேன் வந்துட்டே இருக்கு, ஏன்?

கேள்வி: மைக்ரோ_மாணவி

வணக்கம். எம்எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு சாண எரிவாயு கலன்ல இருந்து ஸ்லரி (சாணக் கரைசல்) எடுத்து, மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிரியான மெத்தனோஜென் வளர்க்குறோம். சீரம் பாட்டில்ல ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் அடைச்சு, பாக்டீரியா வளராம இருக்க ஆம்பிசிலின், வான்கோமைசின் சேர்த்தோம். ஜிசி-ல (வாயுக்கள பிரிச்சு அளக்குற கேஸ் குரோமடோகிராஃப்) பாத்தா மீத்தேன் பீக் நல்லா ஏறுது. இன்னொரு செட்ல அதே மருந்துதான், ஆனா ஹைட்ரஜன் குடுக்கல, வெறும் ஸ்லரி, அதுல மீத்தேன் ரொம்ப கம்மியாயிடுச்சு. மருந்து மெத்தனோஜென ஒண்ணும் பண்ணாதுன்னா ரெண்டாவது செட்ல ஏன் குறையணும்? அப்புறம் உயிரிய அடையாளம் காட்டுற 16எஸ் ஆர்என்ஏ ஜீன் மட்டும் போதாது, எம்சிஆர்ஏ ஜீனும் பாருன்னு கைட் சொல்றாங்க, அது எதுக்குன்னு யாராவது விளக்குங்களேன்.

பதில்: காற்றில்லா_அக்கா

தங்கச்சி, உன் ரெண்டு செட்டும் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.

மொதல்ல மருந்து விஷயம். ஆம்பிசிலினும் வான்கோமைசினும் பாக்டீரியா செல்லோட செவரான பெப்டிடோகிளைக்கான் கட்டுறத தடுக்குற மருந்து. மெத்தனோஜென் பாக்டீரியா இல்ல, ஆர்க்கியா-ன்னு தனி கூட்டம், அதுங்ககிட்ட அந்த செவரே கெடையாது. மெத்தனோபாக்டீரியம் மாதிரி சிலதுகிட்ட பாக்க அதே மாதிரி ஒண்ணு இருக்கும், சூடோமியூரின். ஆனா அதுல என்-அசிட்டைல் மியூராமிக் ஆசிட் இல்ல, டலோசமினியூரோனிக் ஆசிட்தான், சர்க்கரை இணைப்பும் பீட்டா 1-4 இல்லாம பீட்டா 1-3, அதனால பாக்டீரியா செவர வெட்டுற லைசோசைம் என்சைம் போட்டாலும் வெட்டாது. வான்கோமைசின் போய் ஒட்டுறது பாக்டீரியா செவரோட டி-அலனின் டி-அலனின் முனையில, இதுலயோ எல்லாமே எல் வகை அமினோ ஆசிட், ஒட்ட எடமே இல்ல. மெத்தனோகாக்கஸுக்கு அந்த செவர்கூட இல்ல, மேல ஒரு புரத உறை, எஸ்-லேயர், அவ்ளோதான்.

இப்ப ரெண்டாவது செட். மெத்தனோஜெனால சாணத்துல இருக்குற செல்லுலோஸ நேரா தொடவே முடியாது. அதுக்கு கெடைக்க வேண்டியது ஹைட்ரஜன் கூட கார்பன் டை ஆக்சைடு, இல்ல அசிட்டேட், இல்ல மெத்தனால், மெத்தில் அமீன் மாதிரி சின்ன சின்ன மூலக்கூறு. அத ஒடச்சு தர்றது பாக்டீரியா, நீ மருந்து போட்டு அதுங்கள கொன்னுட்ட, மெத்தனோஜென் உயிரோடதான் இருக்கு ஆனா பட்டினி. ஸ்லரில ஏற்கனவே இருந்த அசிட்டேட் தீர்ற வரைக்கும் கொஞ்சம் மீத்தேன் வரும், அதான் ஒரேயடியா நிக்காம கம்மியா தெரியுது.

இந்த உறவு ரெண்டு பக்கமும் உண்டு, எனக்கு இந்த துறையிலயே ரொம்ப பிடிச்ச கதை இதுல இருக்கு. மெத்தனோபாசில்லஸ் ஓமெலியான்ஸ்கி-ன்னு ஒரு உயிரி, எத்தனால எடுத்து மீத்தேன் ஆக்குதுன்னு ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தாங்க. 1967-ல பிரையன்ட், வோலின், உல்ஃப் குழு அது ஒரு உயிரியே இல்ல, ரெண்டுன்னு காட்டினாங்க. ஒண்ணு எத்தனால அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் ஆக்கும், இன்னொண்ணு அந்த ஹைட்ரஜன எடுத்து மீத்தேன் ஆக்கும். ஹைட்ரஜன் சேந்து நின்னா மொத உயிரிக்கு அந்த வினைல லாபமே இல்ல, பக்கத்துல இருக்குறது இழுத்துக்கிட்டே இருந்தாதான் அது பொழைக்கும். உன் ஸ்லரிக்குள்ள நடக்குறதும் இதேதான்.

பதில்: ஜீன்_வேட்டை

அக்கா சொன்னதுக்கு மேல எம்சிஆர்ஏ பத்தி மட்டும் சொல்றேன்.

16எஸ் யாரு-ன்னு சொல்லும், என்ன பண்றாங்க-ன்னு சொல்லாது. மெத்தனோஜென் எல்லாம் ஒரே கிளையில இல்ல, ஆர்க்கியா மரத்துல அங்கங்க செதறி இருக்கு. 2012-ல மனுஷ மலத்துல இருந்து மெத்தனோமாசிலிகாக்கஸ் லூமினியென்சிஸ்-னு ஒண்ணு பிரிச்சாங்க, அதோட சொந்தக்காரங்க பாத்தா தெர்மோபிளாஸ்மா கூட்டம், அதுங்க மீத்தேனே பண்ணாது. ஆனா மெத்தனோஜென் எந்தக் கிளையில இருந்தாலும், எந்த சாப்பாட்ட சாப்பிட்டாலும் கடைசிப் படி ஒண்ணுதான், மெத்தில் கோஎன்சைம் எம் ரிடக்டேஸ். அதோட ஆல்ஃபா சப்யூனிட்டுக்கான ஜீன்தான் எம்சிஆர்ஏ. இந்த ஜீன பிசிஆர்-ல பெருக்குற லூட்டன் ப்ரைமர் போட்டா சுமார் 470 பேஸ் பேர் நீளத்துல பேண்ட் வரும்.

ரெண்டு விஷயம் கவனிங்க. மெத்தனோபாக்டீரியம் வகையறால இதே என்சைமோட இன்னொரு வடிவமும் இருக்கு, எம்ஆர்டிஏ, அதனால ரெண்டு சீக்வென்ஸ் வந்தா ரெண்டு உயிரின்னு உடனே எழுதிடாதீங்க. அப்புறம் கடலடி வண்டல்ல மீத்தேன தின்னுற ஆர்க்கியாகிட்டயும் இதே என்சைம் இருக்கு, பின்னோக்கி ஓட்டுது. டிஎன்ஏ-ல ஜீன் இருக்குறது வேற, ஜீன் ஓடுறது வேற, முடிஞ்சா ஆர்என்ஏ எடுத்து பாருங்க.

பதில்: சீரம்_பாட்டில்

சின்ன டிப்ஸ். புரோமோ ஈத்தேன் சல்ஃபோனேட் போட்டு ஒரு கண்ட்ரோல் பாட்டில் வைங்க, அது கோஎன்சைம் எம் மாதிரியே இருக்கும், எம்சிஆர் (மேல சொன்ன ரிடக்டேஸ் என்சைம்) நின்னுடும், மீத்தேனும் நிக்கும். ரிவ்யூல கண்டிப்பா கேப்பாங்க. மீடியம்ல நிக்கல் இருக்கான்னு பாருங்க, எம்சிஆர் நடுவுல இருக்குற எஃப்430-ங்கிற துணை மூலக்கூறுல நிக்கல்தான் உக்காந்திருக்கு. ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இருந்தா 420 நானோமீட்டர் பக்கத்துல வெளிச்சம் விட்டு பாருங்க, மெத்தனோஜென் செல்லுல இருக்குற எஃப்420-ங்கிற கோஎன்சைம் நீலப்பச்சையா மின்னும். மெத்தனோத்ரிக்ஸ்-ங்கிற மெத்தனோஜென்ல மட்டும் அது ரொம்ப கம்மி, மின்னலன்னு தள்ளிடாதீங்க.

மைக்ரோ_மாணவி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா! இன்னொரு சந்தேகம், ரிஃபாம்பிசின் சேர்த்தா மெத்தனோஜென் செத்துடுமா? அது செவர தொடாது, டிஎன்ஏ-ல இருந்து ஆர்என்ஏ செய்யுற ஆர்என்ஏ பாலிமரேஸ்லதானே உக்காரும்? அப்புறம் ஜீனோம் அனோட்டேஷன்ல (சாஃப்ட்வேர் ஜீன்கள கண்டுபிடிச்சு பேர் குறிக்குறது) எம்டிஎம்பி-ன்னு ஒரு மெத்தனோசார்சினா ஜீன் நடுவுல ஒடஞ்சு ரெண்டா வருது, சீக்வென்சிங் எரரா?

பதில்: ஜீன்_வேட்டை

ரிஃபாம்பிசினும் ஒண்ணும் பண்ணாது. ஆர்க்கியாவோட பாலிமரேஸ் பாக்டீரியா மாதிரி இல்ல, நம்ம செல்லுல இருக்குற பாலிமரேஸ் டூ சாயல், ஜீன் படிக்க ஆரம்பிக்குற எடத்த குறிக்குற டாட்டா பாக்ஸ், அதுல ஒட்டுற டிபிபி, டிஎஃப்பி புரதங்கள் எல்லாம் உண்டு, பல மெத்தனோஜென்ல டிஎன்ஏ-வ சுத்தி வைக்குற ஹிஸ்டோன் புரதம்கூட இருக்கு. 1977-ல வூஸும் ஃபாக்ஸும் 16எஸ் ஆர்என்ஏ துண்டுகள வச்சு இதுங்கள பாக்டீரியால இருந்து பிரிச்சாங்க. 1996-ல மெத்தனோகாக்கஸ் ஜன்னாஷி ஜீனோம், 1.66 மெகாபேஸ், முழுசா வந்தப்ப அது நல்லா உறுதியாச்சு: டிஎன்ஏ, ஆர்என்ஏ வேலைக்கான ஜீன் நிறைய யூகேரியோட் பக்கம், மெட்டபாலிச ஜீன் நிறைய பாக்டீரியா பக்கம்.

எம்டிஎம்பி ஒடையுறது எரர் இல்லம்மா. அது மோனோமெத்தில் அமீன் மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ், நடுவுல யூஏஜி-ங்கிற மூணெழுத்துக் குறி வரும், சாஃப்ட்வேர் அத ஸ்டாப்-னு நெனச்சு வெட்டிடும். மெத்தனோசார்சினா அந்த எடத்துல பைரோலைசின் வைக்குது, 22-வது அமினோ ஆசிட், 2002-ல மெத்தனோசார்சினா பார்கெரில கண்டுபிடிச்சது. பக்கத்துல பைரோலைசின அந்த எடத்துல சேக்க உதவுற பைல்டி, பைல்எஸ் ஜீன் இருக்கான்னு தேடுங்க, இருந்தா ரெண்டு துண்டையும் கையால சேத்து ஒரே ஜீனா போடுங்க. டைமெத்தில் அமீன், டிரைமெத்தில் அமீனுக்கான எம்டிபிபி, எம்டிடிபி ஜீன் ரெண்டுலயும் இதே கதைதான், அதையும் செக் பண்ணுங்க.