பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றிய பிறகும் கார் கிளம்ப மறுக்கிறது

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். வீடு தூத்துக்குடியில், கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. மூன்று மாதங்களாக, வாரத்துக்கு இரண்டு முறையாவது, சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வருகிறதே தவிர, செல்ஃப் எடுப்பதில்லை. ஐந்தாறு தடவை திருப்பினால் ஏதோ ஒரு தடவை எடுக்கும். இல்லையென்றால் தள்ளத்தான் வேண்டும். தள்ளினால் உடனே கிளம்பிவிடுகிறது.

முதலில் பேட்டரியையும், பிறகு செல்ஃப் மோட்டாரையும் மாற்றினோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.3 வோல்ட்தான் இருப்பதால் ஆல்டர்நேட்டரையும் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) மாற்ற வேண்டும் என்று இப்போது பட்டறையில் சொல்கிறார்கள். அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் வண்டி இது. நேரத்துக்குக் கிளம்பியே ஆக வேண்டும். ஆல்டர்நேட்டரை மாற்றலாமா?

பதில் 1

தயவுசெய்து இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். தள்ளினால் உடனே கிளம்புகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் பெட்ரோல், ஸ்பார்க் இரண்டையும் விட்டுவிடலாம். செல்ஃப் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராததே சிக்கல். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ‘டக்’ என்னும் அந்த நொடியில் ஹெட்லைட் மங்குகிறதா, அப்படியே எரிகிறதா? வெளிச்சம் அறவே சுருங்கிப்போனால் பேட்டரியையோ அதன் டெர்மினல்களையோ சந்தேகிக்கலாம். மங்காமல் எரிந்தால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, அது மோட்டார் வரை போகும் பாதையிலோ திரும்பி வரும் பாதையிலோ தடை இருக்கிறது என்று பொருள்.

திரும்பி வரும் பாதையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மின்சாரம் செல்ல ஓர் எர்த் வயர் தனியாகத் தேவைப்படுகிறது. செல்ஃப் எடுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் அதன் வழியாக ஓடும். ஹெட்லைட்டுக்கு அந்த வயர் தேவையில்லை என்பதால்தான் வயர் கெட்டாலும் விளக்கு பிரகாசமாக எரிகிறது.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈய முளையிலேயே) மறு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினாலே அந்தப் பாதை சரியில்லை.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆல்டர்நேட்டரும் எஞ்சினில்தான் பூட்டப்பட்டிருக்கிறது, ஆகவே அதன் மின்சாரமும் அதே எர்த் வயர் வழியாகத்தான் பேட்டரிக்கு வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே நேரடியாக அளந்து பாருங்கள். பெல்ட்டில் சட்டையோ கையோ சிக்காமல் கவனமாக இருங்கள். அங்கே 14 வோல்ட்டுக்கு மேல் இருந்து பேட்டரியில் 13.3 மட்டும் இருந்தால் ஆல்டர்நேட்டரைக் குறை சொல்ல முடியாது.

கிளட்ச் கேபிளையும் தொட்டுப் பாருங்கள். எர்த் வயர் அறுந்திருந்தால் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்கிவிடும். இப்படி உறை உருகிப்போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று காலை வண்டி கிளம்ப மறுத்தபோதே அளந்தேன். ஹெட்லைட் சற்றும் மங்கவில்லை. பேட்டரியில் 12.2 வோல்ட் இருந்தது. நெகட்டிவ் முளைக்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டர் 8 வோல்ட்டைத் தாண்டித் துள்ளியது.

பதில் 1

அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டீர்கள். உறுதி செய்துகொள்ள, தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினின் இரும்புக்கு நேராகப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். எடுத்தால், நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு எர்த் வயரைப் பிரியுங்கள். லக் (வயர் முனையில் போல்ட் போட்டுப் பூட்டும் உலோக வளையம்) உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது வயரை முறுக்கிப் பூட்டிய பின், மேலே வாஸ்லின் தடவுங்கள். உப்புக்காற்று வீசும் ஊரில் அதை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

ஜம்பர் கேபிளைப் போட்டதும் முதல் திருப்பிலேயே எடுத்தது. பழைய எர்த் வயர் வெளியே நன்றாகத்தான் தெரிந்தது. உறையைக் கீறிப் பார்த்தபோது லக்குக்கு அருகில் செம்பு இழைகள் பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. புது வயர் போட்டு ஒன்பது நாட்களாகிவிட்டன, ஒரு முறைகூடத் தள்ளவில்லை. ஓடும்போது பேட்டரியில் இப்போது 14.2 வோல்ட் வருகிறது. பட்டறையிலிருந்து பழைய செல்ஃப் மோட்டாரைத் திரும்ப வாங்கிவந்து பேட்டரியில் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே சுற்றுகிறது.