நன்றிக் குறிப்பு எழுதினால் மறதி வராதா?

கேள்வி (தக்கலை): பிள்ளைகள் வளைகுடாவில், வீட்டில் 70 வயது அம்மை மட்டும். தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் ஞாபகசக்திக்கு நல்லதா?

பதில் (நாகர்கோவில்): மறதிநோயைத் தடுக்கும்னு சொல்ல முடியாது. உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயம் வரை, 10 வாரம் எழுதினார்கள். அளந்தது மனநிலையை, ஞாபகத்தை அல்ல. தினமும் எழுதச் சொன்னால் நாலாம் நாளே "மழை, மகன், சாமி" என்று சடங்காகிவிடும். வாரம் மூன்று வரி போதும். ஆள், செயல் இரண்டும் வரணும். "மீன்கார அக்கா நெத்தோலியைச் சுத்தம் செய்தே தந்தாள்" மாதிரி.

பதில் (குளச்சல்): எழுதியதை அந்த அக்காவிடமே சொல்லச் சொல்லுங்க. மூளைக்கு வேலை பேச்சில்தான்: கேட்கணும், பெயரை நினைவில் எடுக்கணும், பதில் கோர்க்கணும். ஆனா முதலில் காதைப் பாருங்க. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு தந்த 2024 அறிக்கையில், மறதிநோய்க்கான, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளில் தனிமையின் பங்கு 5%, காது கேளாமைக்கு 7%. காது மந்தமானவர் நாலு பேர் கூடும் இடத்துக்கே போகமாட்டார். டிவி சத்தம் கூடிக்கொண்டே போகுதா? குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்க. பட்ஸ் போட்டுக் குடையாதீங்க, இன்னும் உள்ளே போகும்.

பதில் (நாகர்கோவில்): சரிதான். கூடவே, மறதி இருந்தால் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனையும்.