வெள்ளைக்கழிச்சலுக்குக் கீழாநெல்லி போதுமா, ஊசிதான் வேண்டுமா?

பின்கட்டு:
கண்டனூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவலாக இருக்கிறோம். வீட்டுக்காரர்கள் முன்னோர் படைப்புக்கு மட்டும் வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் பின்கட்டும் கொல்லையும் எங்கள் கோழிகளுக்குத்தான். பதினான்கு உருப்படி இருந்தன. மாசிக் கடைசியில் சந்தையில் இரண்டு விடைக்கோழி வாங்கி வந்து நேராகக் கொல்லையில் விட்டேன். ஆறாம் நாள் அதில் ஒன்று இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றது. எச்சம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி, நடுவில் பச்சை. அடுத்த பத்து நாளில் ஒன்பது கோழி போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். மருந்துக்கடையில் கேட்டால், மனிதர் சாப்பிடும் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். மச்சான், ஊசி போடாததால்தான் எல்லாம் என்கிறார். மிச்சம் ஏழு இருக்கின்றன. என்ன செய்வது?

கொல்லைப்புறத்து ஆச்சி:
தம்பி, முதலில் அந்தக் கேப்சூலைத் தூர வையுங்கள். நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன். பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடிக் கீழாநெல்லி போதும். சீரகம், மிளகை இடித்துக்கொண்டு மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டோடு அம்மியில் மைய அரைத்துத் தவிட்டில் பிசைந்து வையுங்கள். தின்னாத கோழிக்குச் சுண்டைக்காய் அளவு உருட்டி வாயில் போட்டு, கழுத்தை மெல்ல நீவி விடுங்கள். எங்கள் வீட்டில் இதில் பிழைத்த கோழிகள் உண்டு. ஊசியெல்லாம் பண்ணைக்காரர்களுக்கு. பிராய்லர் வந்த பிறகுதான் இந்த நோயே இவ்வளவு பெருத்தது.

செம்மண்:
ஆச்சி, கேப்சூல் விஷயத்தில் உங்கள் கட்சிதான். இது வைரஸ் நோய். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதற்கு ஒன்றும் செய்யாது, ஆனால் முட்டையில் போய்ச் சேரும்.

பிராய்லரால் வந்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இந்த நோய்க்கு ராணிக்கேட் என்றே ஒரு பெயர் உண்டு. இன்றைய உத்தராகண்டில் இருக்கும் மலை ஊர் அது. 1920-களின் கடைசியிலேயே அங்கே இந்த நோயைக் கண்டு எழுதி வைத்துவிட்டார்கள். அப்போது இந்த ஊரில் பிராய்லர் ஏது? கோடை பிறந்தால் ஊர்க்கோழியெல்லாம் ஒரேயடியாகப் போகும் என்று என் அப்பத்தாவே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வெள்ளைக்கழிச்சலைக் குணப்படுத்த உலகத்தில் எங்கும் மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, மூன்றாம் வாரம் தண்ணீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. தேவகோட்டை பக்கம் அறுபது சிறுவிடை நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். இந்த முறைக்கு மாறிய பிறகு கூண்டோடு சாவது நின்றது.

ஊருணிக்கரை:
செம்மண் அண்ணன் சொல்வது போல அவ்வளவு எளிது இல்லை. எங்கள் தெருவில் முகாம் போட்டு ஊசி போட்டார்கள். எனக்கு இருந்ததே எட்டுக் கோழி. ஊசி போட்ட நாலாம் நாள் ஒன்று சுருண்டது, ஒரு வாரத்தில் ஐந்து போயின. ஊசி போடாத எதிர்வீட்டுக் கோழி இன்றைக்கும் மேய்கிறது. இதைப் பார்த்த பிறகு எந்தத் தைரியத்தில் மறுபடி கோழியைப் பிடித்துக் கொடுப்பேன்?

செம்மண்:
ஐந்து கோழி போவது சின்ன விஷயம் இல்லை, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நாலாம் நாள் என்ற கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஊசிக்கு எதிர்ப்பு முழுதாகப் பிடிக்கவும் ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். முகாம் வந்த அன்றே உங்கள் கொல்லையில் நோய் புகுந்திருந்தால் ஊசியால் காப்பாற்ற முடியாது. எட்டாம் வார ஊசி உயிருள்ள கிருமியைப் பலம் குறைத்துச் செய்தது. ஏற்கெனவே சோர்ந்த கோழிக்கு அது இன்னும் பாரம். அதனால்தான் நலமான கோழிக்கு மட்டும் போட வேண்டும், ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இதை முகாமில் யாராவது உங்களிடம் கேட்டார்களா?

ஊருணிக்கரை:
கேட்கவில்லை. வரிசையில் நின்றோம், போட்டார்கள், வந்தோம். அன்று காலை ஒரு பெட்டை இரை எடுக்காமல் நின்றதை நானும் சொல்லவில்லை. சரி, அது என் பிழை. ஆனால் இன்னொன்று சொல்லுங்கள். மருந்துக் குப்பி நூறு டோஸ், இருநூறு டோஸ் என்றுதான் கிடைக்கிறது. எட்டுக் கோழிக்காரன் அதை வாங்கி என்ன செய்வான்? கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த ஊர் வெயிலில் ஐஸ் இல்லாமல் கொண்டு வந்தால் வீடு சேரும் முன்பே செத்த மருந்துதான்.

கொல்லைப்புறத்து ஆச்சி:
நான் சொல்ல வந்ததும் அதுதான். கீழாநெல்லிக்கு ஐஸ் வேண்டாம், மழை பெய்தால் கொல்லையிலேயே முளைக்கும். நான் ஊசிக்கு விரோதி இல்லை. ஆனால் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்களே இந்த அரைப்பைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை ஏதோ மூடப்பழக்கம் போலத் தள்ள வேண்டாம்.

போன ஐப்பசியில் எனக்கு ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடைமழையில் ஒரு மாதக் குஞ்சுகள் பதினொன்று முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றன. கழிச்சல் என்றதும் இதே மருந்தைத்தான் அரைத்தேன். ஏழு செத்தன. எச்சத்தில் செம்பழுப்பாக இருந்ததைச் செம்மண் ஒட்டியது என்றே நினைத்தேன்.

செம்மண்:
ஆச்சி, அது ரத்தம். ரத்தக்கழிச்சல் வேறு நோய். வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, குடலைக் கிழிக்கும் ஓரணு ஒட்டுண்ணி. மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரைக்குமான குஞ்சை, அதுவும் படுக்கை ஈரமான காலத்தில்தான் அதிகம் பிடிக்கும். அடுத்த முறை ஒரு வெள்ளைத் தாளைப் பஞ்சாரத்துக்கு அடியில் விரித்து வையுங்கள். அரை மணியில் எச்சம் விழும். செம்மண் என்றால் தண்ணீர் விட்டதும் பிரிந்து அடியில் படியும். ரத்தம் என்றால் கோழையோடு இழையாக நிற்கும். இதற்கு மருந்து இருக்கிறது: ஆம்ப்ரோலியம், குடிதண்ணீரில், மருத்துவர் சொல்லும் அளவில். அதைக் கொடுக்கும் நாளில் பி விட்டமின் டானிக்கை நிறுத்திவிடுங்கள், மருந்து வேலை செய்யும் வழியையே அது அடைத்துவிடும். நனைந்த உமியை அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்ததை விரிப்பது மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

நான் சண்டை போடுவது கீழாநெல்லியோடு இல்லை. எது வந்தாலும் சீக்கு என்று ஒரே பெயர் வைத்து ஒரே மருந்து கொடுக்கிறோம் பாருங்கள், அதோடுதான். அம்மைக் கொப்புளம் கொண்டையில் வந்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன். தோலோடு நிற்கும் அம்மை சில வாரத்தில் தானே உதிரும், கொசுவை விரட்டினால் பரவாது. பேனுக்கு அடுப்புச் சாம்பல் குளியல் போதும். ஆனால் கண்ணில் நுரை கட்டி, மூச்சு கரகரவென்று இழுத்தால் அது சளி நோய், அதற்குச் சரியான ஆன்டிபயாட்டிக் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கண்டபடி கொடுப்பதன் ஆபத்துக்காகத்தான் 2019-ல் கோழிக்கும் மாட்டுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கவே மத்திய அரசு தடை போட்டது.

ஊருணிக்கரை:
அப்படியென்றால் பின்கட்டு வீட்டுக் கோழிக்கு வந்தது வெள்ளைக்கழிச்சல்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரை எடுக்காத எந்தக் கோழிக்கும் வெள்ளையும் பச்சையுமாகத்தான் போகும். வயிறு காலியாக இருந்தால் பித்தம் அப்படியே இறங்கும். பொரித்து இரண்டு வாரம்கூட ஆகாத குஞ்சுக்கு ஆசனவாயில் வெள்ளையாக ஒட்டுவது வேறு, அது முட்டை வழியாகத் தாயிடமிருந்து வரும் பாக்டீரியா நோய்.

செம்மண்:
நல்ல கேள்வி. நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லவே கூடாது. பின்கட்டு, உயிரோடு இருப்பதில் ஏதாவது கழுத்தைத் திருகுகிறதா?

பின்கட்டு:
ஆமாம் அண்ணே. ஒரு கறுப்பு விடைக்கு நேற்றிலிருந்து கழுத்து முறுக்கிக்கொண்டு தலை வானத்தைப் பார்க்கிறது. கம்பைப் போட்டால் கொத்துகிறது, ஆனால் மூக்கு தானியத்துக்கு ஒரு விரல் தள்ளி மண்ணில் விழுகிறது. மறுபடி கொத்துகிறது, மறுபடி தள்ளியே விழுகிறது. பார்க்க முடியவில்லை.

செம்மண்:
சந்தைக் கோழி, ஆறாம் நாள், பெரிய கோழிகளும் சாவது, இப்போது இந்தக் கழுத்து. எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகிறது. ஆனாலும் அடுத்து ஒன்று செத்தால் புதைத்துவிடாமல் ஐஸில் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அறுத்தால் கற்குடலுக்கு முன்னால் உள்ள சிறு பையின் உட்சுவரில் ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கொண்டை நீலம் பாய்ந்து ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் தொடவே தொடாதீர்கள், பறவைக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள்.

கொல்லைப்புறத்து ஆச்சி:
தம்பி, அந்தக் கறுப்பு விடையை அறுத்துவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. கம்பை ஊறவைத்து, மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தலையை நேராகப் பிடித்துக் காலையும் மாலையும் ஊட்டினேன். இரைப்பையைத் தொட்டுப் பார்த்துத்தான் நிறுத்துவேன். கழுத்து முழுதாக நேராகவில்லை, ஆனால் ஆடியில் முட்டை வைத்தது. அரைப்பும் கொடுங்கள். வைரஸைக் கொல்லாது என்று செம்மண் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இரை எடுக்க வைக்கும்.

செம்மண்:
அதில் எனக்கும் மறுப்பு இல்லை ஆச்சி. ஊட்டும்போது மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள், பிழைத்ததும் சில வாரம் கிருமியை வெளியே விடும். ஒரு மாதத்துக்காவது புதுக்கோழி வாங்க வேண்டாம். அப்புறம் வாங்கினாலும் இரண்டு வாரம் தனியே கட்டி வைத்த பிறகே கொல்லையில் விடுங்கள். செத்ததை எங்கே போட்டீர்கள்?

பின்கட்டு:
முதல் நாலை ஊருணிக்குப் பின்னால் முள்காட்டில் எறிந்தேன். நாய் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. மேலத்தெருவிலும் இரண்டு வீட்டில் ஆரம்பித்துவிட்டது, அது என்னால்தான் என்று இப்போது தெரிகிறது. மிச்சத்தை இடுப்பளவு குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். சந்தைக்கு விற்றுவிடலாம் என்று சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டேன்.

ஊருணிக்கரை:
விற்காமல் விட்டதற்கு உங்களுக்கு நன்றி. நாலு வீடு சேர்ந்தால் நூறு டோஸ் குப்பி வீணாகாது என்பது இப்போதுதான் எனக்கும் புரிகிறது. எங்கள் தெருவில் நோய் அடங்கி ஒரு மாதம் போகட்டும், கணக்கு எடுக்கிறேன். விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும் முன்பே போட்டால் கோழியைத் துரத்த வேண்டியதில்லை. இந்த முறை சோர்ந்த கோழியை நானே பார்த்துப் பிரிப்பேன்.

பின்கட்டு:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். இன்னும் ஒன்று செத்தது, கொண்டு போய் அறுத்துப் பார்த்தோம், புள்ளிகள் இருந்தன, வெள்ளைக்கழிச்சல்தான். ஆறு நிற்கின்றன. கறுப்பு விடை மடியில்தான் சாப்பிடுகிறது, இன்று காலை இரண்டு தடவை தானாகவே கம்பைச் சரியாகக் கொத்தியது. மேலத்தெரு வீடுகளுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கள் தெருவில் ஊசி போட ஏழு வீடு பெயர் கொடுத்திருக்கிறது, மொத்தம் எழுபத்து மூன்று கோழி. காரைக்குடியிலிருந்து மருந்து கொண்டு வர வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று வேண்டும், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.